தீக்குச்சியில் நிற்கும் கணிதம்

சைக்கிள் கடையில் ஒரு முழம் வால்டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குக் காற்றடிக்கும் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய்தான் அது. அதை விரற்கடை அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்குங்கள். மரக்குச்சி உள்ள தீப்பெட்டி ஒன்றை எடுத்து, குச்சிகளின் தலையில் இருக்கும் மருந்தைப் பெரியவர் ஒருவர் சுரண்டி எடுத்துவிடட்டும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் இருப்பவர்கள் மருந்து முக்காத வெறுங்குச்சியையே கேட்டு வாங்கலாம். ரப்பர் துண்டின் இரண்டு வாயிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு தயார். மூன்று குச்சிகளும் மூன்று மூட்டுகளும் சேர்ந்தால் முக்கோணம். நான்கும் நான்கும் சேர்ந்தால் சதுரம்.

இரண்டையும் மேசைமேல் வைத்து, ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சதுரம் உடனே சரிந்து சாய்சதுரம் ஆகும். இன்னும் தள்ளினால் தட்டையாக மடங்கிவிடும். முக்கோணமோ அப்படியே நகரும், உருமாறாது. பலமாக அழுத்தினால் குச்சி முறியலாம், ரப்பர் கழன்று வரலாம். கோணம் மட்டும் மாறாது.

ரப்பர் அதே ரப்பர்தான், குச்சியும் அதே குச்சிதான். ஒன்றுக்கு மட்டும் இந்த உறுதி எங்கிருந்து வந்தது? பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் 1914 முதல் கப்பல்களுக்கு வழிவிட்டுத் திறந்து மூடிய இரும்புக் கைகள், வயல்வெளியில் நிற்கும் மின்கோபுரங்கள், கல்யாண மண்டபத்தின் தகரக் கூரையைத் தாங்கும் சட்டங்கள் எல்லாம் இந்தக் கேள்வியின் விடையில்தான் நிற்கின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் தன் கையாலேயே இந்த விடையைத் தொட்டுவிட முடியும் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

ஹோசங்காபாத்தில் பிறந்த விளையாட்டு

தீக்குச்சியையும் வால்டியூபையும் சேர்த்துப் பாடமாக்கியவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்யாமல் சோதனை செய்தே கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1978-இல் தன் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு குப்தா அங்கே போனார். ஆய்வகமோ விலையுயர்ந்த கருவிகளோ இல்லாத பள்ளிகள் அவை. உள்ளூர்ச் சந்தையில் சில காசுக்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கணிதத்தையும் அறிவியலையும் கட்டிக் காட்ட வழி தேடினார். அங்கே உருவானதுதான் இந்தத் தீக்குச்சிக் கட்டுமானம். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதன் சிறப்பு விலை மலிவில் மட்டும் இல்லை. எந்திரத்தில் வெட்டப்பட்டதால் தீக்குச்சிகள் எல்லாம் ஒரே நீளம். ரப்பர் மூட்டு எந்தப் பக்கமும் வளையும். ஆகவே கோணத்தைப் பிடித்து வைக்கும் வேலையை அது செய்யாது. உருவம் நிற்கிறது என்றால், நிறுத்துவது நீளங்கள் மட்டுமே. பொறியாளர்கள் சட்டகங்களைக் கணக்கிடும்போது, மூட்டுகள் தடையின்றித் திரும்பும் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கற்பனை மூட்டுக்கு மிக நெருங்கிய பொருள் பிள்ளையின் கையில் கிடைத்துவிடுகிறது.

ப-ப-ப

முக்கோணம் ஏன் அசையவில்லை என்பதற்கான விடை நம் பாடநூலிலேயே இருக்கிறது. ஒரு முக்கோணத்தின் மூன்று பக்க நீளங்களும் இன்னொன்றின் பக்கங்களுக்குச் சமமாக இருந்தால், இரண்டும் சர்வசமம். ப-ப-ப என்று சுருக்கி எழுதிப் படித்தோமே, அதுதான். மூன்று நீளங்களைக் கொடுத்துவிட்டால் அவற்றால் அமையக்கூடிய முக்கோணம் ஒன்றே ஒன்று. மாறுவதற்கு வேறு உருவம் இல்லை. நான்கு நீளங்களைக் கொடுத்தாலோ, கணக்கற்ற நாற்கரங்கள் அமையும். தள்ளும்போது சதுரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. தேர்வுக்காக எழுதிய சர்வசம நிபந்தனையும் ரயிலைத் தாங்கும் உறுதியும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள்.

இப்போது அந்தச் சதுரத்தை நிற்க வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குறுக்கே ஒரு குச்சி வைக்கலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். கையில் இருப்பது அதே தீக்குச்சிதான். அதைக் குறுக்கே பொருத்தினால் உருவம் அசையாமல் நிற்கும், ஆனால் சதுரமாக இருக்காது! இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டிய சாய்சதுரமாகச் சாய்ந்துவிடும். சதுரமாகவே நிற்க வேண்டுமானால் குறுக்குக்குச்சி பக்கத்தைப்போல் சுமார் 1.41 மடங்கு நீளம் இருக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் இங்கே கரும்பலகையில் எழுதிய வாக்கியமாக வரவில்லை; குறுக்குக்குச்சியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்ற தேவையாக வருகிறது. தேவையாக வந்த கணக்கைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

எத்தனை குச்சி வேண்டும்?

இங்கிருந்து ஒரு படி மேலே போகலாம். ஐங்கோணத்தை நிறுத்த எத்தனை குறுக்குக்குச்சிகள் வேண்டும்? இரண்டு. அறுகோணத்துக்கு? மூன்று. கட்டிப் பார்த்து அட்டவணை போட்டால் ஓர் ஒழுங்கு தெரியவரும். மொத்தக் குச்சிகளின் எண்ணிக்கை, மூட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் கிடைப்பது.

காரணம் எளிது. மேசைமேல் ஒரு மூட்டு இரண்டு திசைகளில் நகரலாம்: இடம்-வலம் ஒன்று, முன்-பின் ஒன்று. ஒவ்வொரு குச்சியும் இரு மூட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பூட்டி, ஒரு சுதந்திரத்தைப் பறிக்கிறது. எல்லாவற்றையும் பறித்த பிறகும், முழு உருவமும் இரண்டு திசைகளில் நகரும், ஓரிடத்தில் சுழலும் ஆக மூன்று அசைவுகள் மீதி இருக்கும். அதனால்தான் மூன்றைக் கழிக்கிறோம். மின்காந்தவியலின் தந்தையாக நாம் அறிந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், சட்டகங்களின் உறுதியைப் பற்றி 1864-இல் எழுதிய கட்டுரையில் இப்படி எண்ணிக் காட்டினார்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அறுகோணத்தின் எதிரெதிர் மூலைகளை ஒரு நீண்ட குச்சியால் இணையுங்கள். இரண்டு நாற்கரங்கள் கிடைக்கும். மீதி இரண்டு குச்சிகளையும் ஒரே நாற்கரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். மொத்தம் ஒன்பது குச்சி, கணக்கு கச்சிதம். ஆனால் மறுபாதி லொடலொடவென்று ஆடும். ஒரு பக்கம் தேவைக்கு மேல் இறுக்கம், இன்னொரு பக்கம் தளர்ச்சி. எத்தனை குச்சி என்பதோடு எங்கே என்பதும் முக்கியம் என்று அந்த ஆட்டம் சொல்லிவிடுகிறது. இதைப் புரியவைக்க எந்த ஆசிரியரும் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை.

இழுவையும் அழுத்தமும்

கணிதத்திலிருந்து இயற்பியலுக்குள் நுழைய ஒரு துண்டு நூல் போதும். தீக்குச்சி முக்கோணத்தை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அடிக்குச்சியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் அதே நீளத்துக்கு நூலைக் கட்டுங்கள். உச்சியில் விரலால் அழுத்தினால் நூல் விறைத்துக்கொள்ளும்; முக்கோணம் தாங்கும். இப்போது அடிக்குச்சியைத் திரும்ப வைத்து, சாய்ந்த குச்சிகளில் ஒன்றை நூலாக மாற்றுங்கள். அழுத்தியதும் சரிந்து விழும்.

நூல் இழுவையைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே அடியில் இருப்பது இழுபடுகிறது, சாய்ந்திருப்பவை அழுத்தப்படுகின்றன. ஓட்டுக்கூரையின் சாய்ந்த கைமரங்களும், அவை விரிந்துபோகாமல் கட்டிப்பிடிக்கும் கிடைமரமும் செய்கிற வேலை இதுவே. பாலத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, ஒவ்வொரு குச்சியையும் முறைவைத்து நூலாக மாற்றிப் பார்த்தால், எந்த உறுப்பில் என்ன விசை என்ற முழு வரைபடமும் கிடைத்துவிடும். பொறியியல் கல்லூரியில் சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கும் விடையின் குறி, கூட்டலா கழித்தலா என்பது, பள்ளிக்கூடத்தில் நூலைத் தொட்டுப் பார்த்தே தெரிகிறது.

அழுத்தப்படும் உறுப்புகளுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. தென்னை ஈர்க்கின் நடுப்பகுதியில், தடிமன் ஏறக்குறைய சீராக இருக்கும் இடத்தில், 30 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். எண் காட்டும் சமையலறைத் தராசின்மேல் அதைச் செங்குத்தாக நிறுத்தி, மேல் முனையில் ஓர் அட்டைத் துண்டை வைத்து அழுத்துங்கள். எடை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ஈர்க்கு பக்கவாட்டில் வில்லாக வளையும். அதன்பின் எவ்வளவு அமுக்கினாலும் எண் பெரிதாக ஏறாது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே ஈர்க்கில் 15 செ.மீ. துண்டைச் சோதியுங்கள். இரண்டு மடங்கு தாங்கும் என்றுதான் எல்லோரும் ஊகிப்பார்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு தாங்கும்!

தாங்கும் சுமை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதை 1744-இல் லியோன்ஹார்ட் ஆய்லர் கணக்கிட்டு எழுதினார். மின்கோபுரத்தின் நீண்ட கால்களை நடுநடுவே சின்னச் சின்னக் குறுக்குக் கம்பிகள் பிடித்திருப்பதன் காரணம் இதுதான். அவை அந்தக் காலின் நீளத்தைப் பல குட்டை நீளங்களாகப் பிரித்துவிடுகின்றன. இந்தச் சோதனையைச் செய்த பிள்ளை, அடுத்த முறை பேருந்து ஜன்னல் வழியாக மின்கோபுரத்தைப் பார்க்கும்போது, அந்தக் கம்பிகளின் வேலையைத் தானே படித்துக்கொள்ளும்.

மேசையை விட்டு எழும்போது

இனி முப்பரிமாணம். ரப்பர் துண்டின் நடுவில் கருவேல முள்ளால் துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால், மூன்று குச்சி சேரும் மூட்டு கிடைக்கும். முள் எங்கே கிடைக்கும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு மூட்டு, ஆறு குச்சி: நான்முகி. கையில் எடுத்து அமுக்கினால் கல்போல் நிற்கும். எட்டு மூட்டு, பன்னிரண்டு குச்சி: கனசதுரம். கையை எடுத்ததும் சரிந்து விழும்.

முப்பரிமாணத்தில் ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று சுதந்திரம். முழு உருவத்துக்கு மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஆக ஆறு. எனவே தேவையான குச்சிகள்: மூட்டுகளை மூன்றால் பெருக்கி ஆறைக் கழி. நான்முகிக்கு 6, இருப்பதும் 6. கனசதுரத்துக்கு 18, இருப்பது 12. குறைவது ஆறு. கனசதுரத்தின் முகங்களும் ஆறு! முகத்துக்கு ஒரு குறுக்குக்குச்சி வைத்தால் அசையாமல் நிற்கும். அந்த ஆறையும் முனைக்கு முனை தொடுமாறு திட்டமிட்டு வைத்தால், கனசதுரத்துக்குள் ஒரு பெரிய நான்முகி ஒளிந்திருப்பதையும் காணலாம்.

இந்த இடத்தில் ஒரு பெரிய அதிசயம் காத்திருக்கிறது. முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும் என்ற ஆய்லர் சூத்திரத்தைப் பள்ளியில் படிக்கிறோம். 1750-இல் கணிதர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதைத் தெரிவித்தார். அதில் விசையும் இல்லை, உறுதியும் இல்லை, வெறும் எண்ணிக்கை. இப்போது எல்லா முகங்களும் முக்கோணமாக உள்ள ஒரு திண்ம உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று விளிம்பு. ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொது. ஆகவே முகங்களின் மும்மடங்கு, விளிம்புகளின் இருமடங்குக்குச் சமம். இதை ஆய்லர் சூத்திரத்தில் இட்டுச் சுருக்கினால், விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளின் மும்மடங்கில் ஆறு குறைவு என்று வரும். மேக்ஸ்வெல் கேட்ட அதே எண்!

முகங்களை எண்ணிய கணக்கும் அசைவுகளை எண்ணிய கணக்கும் இரண்டு வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே எண்ணில் சந்திக்கின்றன. முக்கோணங்களால் மூடிய உருவத்துக்கு, நிற்கத் தேவையான குச்சிகள் கூடாமல் குறையாமல் தாமாகவே அமைகின்றன. எண்முகிக்கு 6 மூட்டு, 12 குச்சி. இருபதுமுகிக்கு 12 மூட்டு, 30 குச்சி. கட்டி எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூடப் பிசகாது.

குழிவில்லாத உருவங்களில் முகங்கள் உறுதியானவையாக இருந்தால் முழு உருவமும் வளையாது என்று பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1813-இல் நிறுவினார். குழிவுள்ளவையும் அப்படியே இருக்கும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1977-இல் ராபர்ட் கானலி, முக்கோணங்களால் முழுவதும் மூடியிருந்தும் அசைகிற ஓர் உருவத்தைக் கண்டுபிடித்தார். பிறகு கிளாஸ் ஸ்டெஃபன் அமைத்த உருவத்துக்கு 9 முனை, 14 முக்கோணம்தான். தடித்த அட்டையில் ஒரு பள்ளி மாணவர் அதை வெட்டி ஒட்டி, 164 ஆண்டு நம்பிக்கையைப் பொய்யாக்கிய அசைவைத் தன் உள்ளங்கையில் பார்க்கலாம்.

பட்டாணியிலிருந்து கரி அணு வரை

பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1895-இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதில் அவருக்குக் கிட்டப்பொருள் சரியாகத் தெரியாது. மழலையர் பள்ளியில் ஊறிய பட்டாணியையும் பல்குத்தும் குச்சியையும் கொடுத்து ஏதாவது கட்டச் சொன்னார்கள். பார்வை தெளிவாக இருந்த மற்ற பிள்ளைகள் தாம் கண்ட வீடுகளைப்போல் சதுரங்களாகக் கட்டினார்கள். ஃபுல்லர் கையால் தடவி, எது உறுதியாக நிற்கிறதோ அதைத் தொடர்ந்தார், முக்கோணங்கள் வந்தன. தம் வாழ்நாள் பணியின் தொடக்கமாக அவரே இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முக்கோணங்களால் ஆன கோளக் கூரைக்கு 1954-இல் காப்புரிமை பெற்றார். 1967-இல் மாண்ட்ரியால் கண்காட்சிக்காக அவர் எழுப்பிய கூரையின் விட்டம் 76 மீட்டர். 1976-இல் ஒரு தீவிபத்தில் அதன் பிளாஸ்டிக் உறை எரிந்துபோனது. எஃகுச் சட்டகம் இன்றும் நிற்கிறது.

1985-இல் ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. அதன் வடிவம் என்ன? ரிச்சர்ட் ஸ்மாலி ஓர் இரவு வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் அறுகோணங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார், மூடவே இல்லை. ஐங்கோணங்களைச் சேர்த்ததும் காகிதம் வளைந்து கோளமாக மூடியது. 12 ஐங்கோணம், 20 அறுகோணம், 60 முனை. முனைக்கு மூன்று விளிம்பு வீதம் ஐங்கோணங்களாலும் அறுகோணங்களாலும் மூடுகிற எந்த உருவத்திலும் ஐங்கோணங்கள் சரியாகப் பன்னிரண்டுதான் இருக்க முடியும். இதுவும் ஆய்லர் சூத்திரத்தின் விளைவே. அந்த மூலக்கூறுக்கு ஃபுல்லரின் பெயரையே வைத்தார்கள். ஸ்மாலி, ஹெரால்ட் குரோட்டோ, ராபர்ட் கர்ல் மூவருக்கும் 1996-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைத் தீக்குச்சியில் கட்டிப் பாருங்கள். 90 குச்சி வேண்டும். கட்டி முடித்ததும் தொய்ந்துபோகும். 60 மூட்டுக்குத் தேவை 174 ஆயிற்றே! அப்படியானால் உண்மையான மூலக்கூறு ஏன் தொய்யவில்லை? கார்பன் பிணைப்பு நீளத்தை மட்டும் பிடித்து வைப்பதில்லை, கோணத்தையும் பிடித்து வைக்கிறது. ரப்பர் மூட்டால் அது முடியாது. மாதிரி தோற்ற இடத்திலேயே வேதியியலின் முதல் பாடம் தொடங்கிவிடுகிறது.

கையால் கட்டிச் சிந்திப்பது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வழி இல்லை. 1948-இல் சளிப்பிடித்துப் படுத்திருந்த லைனஸ் பாலிங், காகிதத்தில் புரதச் சங்கிலியை வரைந்து, மடித்துச் சுருட்டி, ஆல்ஃபா சுருளைக் கண்டார். 1953 பிப்ரவரியில் ஜேம்ஸ் வாட்சன் டி.என்.ஏ.வின் காரப்பொருள்களை அட்டையில் வெட்டி நகர்த்திப் பொருத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களோடு குண்டும் கம்பியும் கோத்த மாதிரிகளையும் கட்டிப் பார்த்து, கொல்லாஜன் என்ற புரதத்தின் மூன்று இழைச் சுருளை 1954-இல் உலகுக்குச் சொன்னார்கள்.

காட்சிக்கு அல்ல, சோதனைக்கு

நம் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடக்காத ஆண்டு இல்லை. தெர்மகோல் பாலம், வண்ணக்காகிதம் ஒட்டிய கட்டடம் என்று மேசைகள் நிறைகின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தெர்மகோல் பாலத்தின்மேல் யாரும் எடை வைப்பதில்லை. காட்சிக்கு வைக்கும் மாதிரி பார்ப்பவரிடம் பாராட்டைக் கேட்கிறது. சோதனைக்குக் கட்டும் மாதிரி இயற்கையிடம் கேள்வி கேட்கிறது. கற்றல் நடப்பது இரண்டாவதில்தான்.

அதற்கு ஆசிரியர் செய்ய வேண்டியவை சிலவே. சோதனைக்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதட்டும். எடையை நாணயமாகவோ மணலாகவோ சிறிது சிறிதாக ஏற்றட்டும். உடைந்த பிறகு எந்த மூட்டு முதலில் விட்டது, எந்தக் குச்சி வளைந்தது என்று வரையட்டும். அதே அளவு பொருளில் இரண்டாம் முறை கட்டட்டும். மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால், முதல் பாலம் தாங்கிய எடைக்குப் போட வேண்டாம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே அந்தப் பிள்ளை கண்டுபிடித்ததற்குப் போடட்டும்.

கணக்கு, அறிவியல், கைவேலை என்று நாம் நேரத்தைத்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பொருள் பிரிந்து கிடக்கவில்லை. கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பருவத்துக்குள் கட்டி முடிக்கலாம். செலவு, வகுப்புக்குச் சில தீப்பெட்டிகளும் சில முழம் வால்டியூபும்தான். தாளில் தவறாகப் போட்ட கணக்குக்கும் விடைத்தாள் திருத்துபவரின் கவனக்குறைவால் மதிப்பெண் கிடைத்துவிடலாம். தவறாகக் கட்டிய சட்டகம் விழுந்தே தீரும். உண்மையின் அந்த நேர்மையோடு தம் கைகளால் பழகும் வாய்ப்பு எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் மறுக்கப்படக் கூடாது.